ஐம்பதாம் ஆண்டில் ஒரு துப்பாக்கிக் கடை

கோவையின் பழைய கடைவீதிப் பகுதியில், நகைக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவே, என்ன விற்கிறார்கள் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாத ஒரு கடை இருக்கிறது. கண்ணாடிக் காட்சிப் பெட்டி கிடையாது, பெயர்ப்பலகையும் சிறியது. உள்ளே போனால் முதலில் ஒரு மேசை, அதன் பின்னால் கம்பிக் கதவு, அதற்கும் பின்னால் இரும்புக் கதவு போட்ட அறை. விளையாட்டுத் துப்பாக்கிகளையும் உரிமம் பெற்றவர்களுக்கான துப்பாக்கிகள், தோட்டாக்களையும் விற்று, பழுதும் பார்க்கிற இந்தக் குடும்பக் கடைக்கு அண்மையில் ஐம்பது ஆண்டு நிறைந்தது. பல ஆண்டுகளாக இதன் கணக்கைத் தணிக்கை செய்து வருபவன் என்ற உரிமையில், கடை நிலைத்த விதத்தைத் தொழில் நோக்கில் எழுதலாமா என்று குடும்பத்தாரிடம் கேட்டேன். கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். துப்பாக்கிகள் இருப்பில் உள்ள இடம் என்பதால் அது நியாயமான நிபந்தனையே.

என்னை இந்தக் கணக்கில் ஈர்த்தது ஒரு முரண்பாடு. இந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த சட்டத்திருத்தங்களில் பெரும்பாலானவை இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் ஏதாவது ஒரு கூட்டத்தைக் குறைத்தவை. விற்கும் பொருளை வாங்க அரசின் அனுமதி வேண்டும். விளம்பரம் செய்வதில் ஆயிரம் தயக்கங்கள். கடனுக்குத் தர முடியாது. பொருளோ ஒரு முறை வாங்கினால் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். பாடப்புத்தகக் கணக்குப்படி இப்படிப்பட்ட கடை இருபதாம் ஆண்டிலேயே மூடப்பட்டிருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, இடத்தை வாடகைக்கு விட்டால் இதைவிட அதிக வருமானம் வரும் என்று நானே எழுத்தில் ஆலோசனை கொடுத்தேன். அந்தக் கடிதத்தை அவர்கள் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார்கள். ஆண்டு நிறைவன்று எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள்.

வேட்டை முடிந்தபின் பிறந்த கடை

கடையைத் தொடங்கியவரைக் குடும்பத்தில் எல்லோரும் அப்பாரு (தாத்தா) என்றே குறிப்பிடுகிறார்கள். அவர் நூற்பாலையில் பிட்டராக இருந்தவர். ஆலை வேலைக்குப் பிறகு மாலை நேரங்களில் துப்பாக்கி வியாபாரி ஒருவரிடம் பழுது வேலை கற்று, 1970களின் நடுவில் தனக்கென்று உரிமம் பெற்றார். காலத்தைப் பார்த்தால் இதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தபின் உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் ஒழுங்குக்குள் வந்திருந்தன. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வாசலை அடைத்தது. அதுவரை இந்தப் பகுதித் துப்பாக்கி வியாபாரத்தைத் தாங்கியிருந்தவர்கள் பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் குடும்பங்களும், வால்பாறை எஸ்டேட்காரர்களும், ஆனைமலை அடிவாரத்தில் பெரிய பண்ணையம் செய்தவர்களுமே. அவர்களுக்குத் துப்பாக்கி வேட்டைக்கானது. வேட்டை போனதும் அது கூடத்துச் சுவரில் தொங்கும் பொருளாயிற்று.

ஆகவே தொடக்கத்திலிருந்தே இந்தக் கடை, வாங்குபவரைவிட ஏற்கெனவே வைத்திருப்பவரை நம்பியது. காட்டுப்பன்றிக்குப் பயந்து பயிர்க்காவலுக்கு ஒற்றைக் குழல் வைத்திருந்த சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆண்டுக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடக் கொண்டுவந்தார்கள். 1969இலும் 1980இலும் நாட்டுடைமையான வங்கிகள் சிற்றூர்களில் கிளைகள் திறந்ததும், ஒவ்வொரு கிளைக் காவலருக்கும் பன்னிரண்டு போர் (12 bore என்னும் குழல் அளவு) துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. அந்தத் துப்பாக்கிகள் சுடப்படுவது அரிது. ஆனால் பராமரிப்புச் சான்று ஆண்டுதோறும் வேண்டும். நூற்பாலைகளும் நகை அடகுக் கடைகளும் இதே வழியில் வந்தன. விற்பனைப் பேரேட்டில் அந்த ஆண்டுகளில் சேர்ந்த பணம் கூலிப் பத்தியில்தான் இருக்கிறது. துப்பாக்கிப் பத்தியில் பல மாதங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன.

இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள ஊர் இது. மோட்டார் பம்புக்கான எந்த உதிரியையும் மாதிரி காட்டினால் மாலைக்குள் கடைந்து தந்துவிடுவார்கள். ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும் என்பதால், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரை முள் உடைந்தால் அதைக்கூட அப்பாரு பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்ததில்லை. கடைக்குள்ளேயே ஒரு சிறிய லேத்தை நிறுவி, ஆலையில் கற்ற கைத்திறனைக் கொண்டு தாமே செய்துகொண்டார். அந்த லேத் பின்னாளில் கடையைக் காப்பாற்றியது.

பாதுகாப்புக்கு வைத்தவை

வெளியாருக்கு இந்தத் தொழிலில் தெரியாத ஒரு வருமானம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிடும். காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். உரிமம் பெற்ற வியாபாரியிடமும் ஒப்படைத்து ரசீது பெறலாம். காவல் நிலைய அறையில் ஈரத்தில் கிடந்து குழல் துரு ஏறும் என்று அஞ்சுபவர்கள் கடைக்கு வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, எண் குறித்து, எண்ணெய் தடவி, வரிசையில் நிறுத்தி, முடிவுகள் வந்தபின் திருப்பித் தருவதற்குச் சிறு கட்டணம். தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் இந்தக் கட்டணம் கடைக்கு நல்ல வருமானமாக இருந்தது.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கூடுதலாக உள்ளதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த ஓராண்டு பெரும்பாலும் ஊரடங்கில் கழிந்தது. தாத்தாவினுடையது, அப்பாவினுடையது, தன்னுடையது என்று மூன்றை வைத்திருந்த குடும்பங்கள் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் தவித்து, கடைசி மாதங்களில் கூட்டமாக வந்தன. பெரும்பாலும் தாத்தாவின் துப்பாக்கியே வந்தது. விற்பனையைக் குறைத்த அதே திருத்தம் பாதுகாப்பு அறையை நிரப்பியது; ஆனால் இந்த நிரம்பலை வருமானம் என்று நான் கணக்கில் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்தலுக்கு வந்தவை திரும்பிப் போகும். இவை போவதில்லை. இடம் அடைக்கும், ஒவ்வொரு ஆய்விலும் எண்ணிக் காட்ட வேண்டும், கட்டணம் நின்றுபோகும்.

ஒரு பெட்டித் தோட்டா

இந்தக் கடையின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்வது அவசியம். அப்பாரு இருந்த காலம். மகன் அப்போதுதான் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தார். ஒரு மாலை, இருப்புப் பதிவேட்டையும் அறையிலுள்ள தோட்டாக்களையும் ஒப்பிட்டபோது பன்னிரண்டு போர் தோட்டாவில் ஒரு பெட்டி குறைந்தது. வேறு கடையாக இருந்தால் எழுத்துப் பிழை என்று ஒரு கோடு போட்டுக் கடந்திருப்பார்கள். அப்பாரு கடையைச் சாத்திவிட்டார்.

மூன்று நாள் கடை திறக்கப்படவில்லை. முதல் நாள் அறை முழுவதையும் காலி செய்து மீண்டும் எண்ணினார்கள். இரண்டாம் நாள், அந்த மாதம் தோட்டா வாங்கிய ஒவ்வொருவரின் உரிமத்திலும் எழுதப்பட்ட எண்ணிக்கையைச் சரிபார்க்க மகன் பேருந்தேறி உடுமலை, தாராபுரம், கோபி என்று வீடு வீடாகப் போனார். தோட்டா விற்றால் கடைப் பதிவேட்டிலும் வாங்குபவரின் உரிமப் புத்தகத்திலும் இரண்டு இடத்திலும் எழுதி முத்திரை வைக்க வேண்டும் என்பதால் இப்படிச் சரிபார்க்க வழி இருந்தது. மூன்றாம் நாள் விடை கிடைத்தது. வரத்துச் சரக்கை எழுதும்போது, வழியில் ஈரம் பட்டதால் அனுப்பியவருக்கே திருப்பிய ஒரு பெட்டியும் வரவில் ஏறியிருந்தது; திருப்பியதற்கான சீட்டு வேறு கோப்பில் இருந்தது. பொருள் தொலையவில்லை, எழுத்துதான் தவறியிருந்தது.

அந்தத் தவற்றை அழிக்காமல், பக்கத்திலேயே காரணம் எழுதிக் கையெழுத்திட்டு, விசாரிக்க வேண்டிய அதிகாரிக்கு அப்பாருவே கடிதமும் கொடுத்தார். அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மீதியை விரைவாகப் புரட்டினார்கள் என்று மகன் சொல்கிறார். 1998 பிப்ரவரியில் கோவையில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்து, ஊரில் வெடிபொருள், ஆயுதம் என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாக மாறிய மாதங்களில் இந்தப் பதிவேடுதான் கடைக்குக் கவசமாக இருந்தது. மூன்று நாள் வியாபார இழப்பை அப்பாரு செலவாகக் கருதவில்லை என்பதை இருபது ஆண்டு கழித்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

பத்து மீட்டர்

விளையாட்டு இந்தக் கடைக்குள் மெதுவாகத்தான் வந்தது. என்.சி.சி. மாணவர்கள் .22 ரைபிளில் சுட்டுப் பழகியதும், துப்பாக்கி சுடும் கழகங்களில் செல்வந்தர் சிலர் ஞாயிறு காலைகளில் கூடியதும் முன்பே உண்டு. ஆனால் பெற்றோர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, எங்கே பழக வேண்டும், எந்தத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது 2008க்குப் பிறகுதான். அந்த ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். கடைசிக் குண்டுக்குக் கிடைத்த மதிப்பெண் 10.8. தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வென்ற வெள்ளி கடைக்குக் கூட்டத்தைக் கொண்டுவரவில்லை. டபுள் டிராப் என்னும் அந்தப் பிரிவுக்குத் திறந்தவெளியும் தட்டு எறியும் பொறியும் வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு நீளமான கூடம் போதும்.

கொங்கு நாட்டில் நீளமான கூடங்களுக்குப் பஞ்சமில்லை. விசைத்தறி நின்றுபோன ஒரு குடோனில், பல்லடம் சாலையில், இந்தக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர் எட்டுத் தடங்கள் கொண்ட பயிற்சிக்கூடம் அமைத்தார். அதற்கான அளவுகளைக் கடையே கொடுத்தது. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இலக்கின் மேல் விழும் ஒளி 1500 லக்ஸுக்குக் குறையக்கூடாது. தறி ஓடிய இடம் என்பதால் மேற்கூரை வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பஞ்சுத் தூசியை ஒழிக்கத்தான் பல மாதம் ஆயிற்று.

வணிக நோக்கில் ஏர் ரைபிள் ஒரு புதிய உலகம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அங்குலக் குழல் அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. வாங்குபவருக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் காத்திருப்பு இல்லை. அதைவிட முக்கியமானது, இந்தத் துப்பாக்கி தினமும் சுடப்படுகிறது என்பது. வங்கிக் காவலரின் பன்னிரண்டு போர் பத்தாண்டில் பத்துத் தோட்டா கேட்டாலே அதிகம். ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பள்ளி மாணவி ஒருத்தி நாளுக்கு எண்பது பெல்லட் (காற்றுத் துப்பாக்கியின் சிறு ஈயக்குண்டு) சுட்டால், மாதத்தில் இருபத்தைந்து நாளுக்கு இரண்டாயிரம். 500 கொண்ட டப்பாவாக நான்கு. போட்டியில் 60 குண்டு, அதற்கு முன் பயிற்சிக் குண்டுகள். 2018 முதல் பெண்களுக்கும் 40க்குப் பதில் 60 குண்டு என்று உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டு அமைப்பு மாற்றியதும் இந்தக் கணக்கு இன்னும் கூடியது.

மாநிலப் போட்டிகளில் தொடங்குபவர்கள் ஓப்பன் சைட் (திறந்த குறிமுனை) பிரிவில் இந்தியத் தயாரிப்பு ரைபிளோடு இறங்குகிறார்கள். பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும்) பிரிவுக்குப் போகும்போது ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டு ரைபிள் தேவைப்படுகிறது. விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். அந்தப் படியில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்பதை நான் பேரேட்டிலேயே பார்க்கிறேன்: நான்கு டப்பா வாங்கிய பெயர், ஒரு மாதம் இரண்டாகி, பிறகு காணாமல் போகிறது. இதற்குக் கடை செய்த ஏற்பாடு, தன் கையிலுள்ள இரண்டு மூன்று பழைய ரைபிள்களை மாத வாடகைக்குப் பயிற்சிக்கூடத்தில் வைத்திருப்பது. அதில் லாபம் இல்லை. பெல்லட் வாடிக்கை அறுந்துபோகாமல் இருக்கிறது, அவ்வளவே.

கால் மில்லிமீட்டரின் விலை

பத்து மீட்டர் ரைபிள் இலக்கின் நடுவில் உள்ள பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. வளையத்துக்கு வளையம் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், ஒரு மதிப்பெண்ணின் பத்தில் ஒரு பங்கு எனில் கால் மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு 10.9 என்பது உச்சம். 60 குண்டுக்கு 654. இந்த அளவுக்கு நுணுக்கம் வரும்போது, சுடுபவரின் கை தவறாதிருந்தாலும் பெல்லட் தவறும். ஒரே நிறுவனத்தின் பெல்லட்டே தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு அளவில் வருகிறது. எந்தக் குழலுக்கு எந்த அளவு, எந்தத் தயாரிப்புத் தொகுதி ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அப்பாருவின் பழைய லேத் இங்கே உதவிற்று. ரைபிளை அசையாமல் பிடிக்கும் ஓர் இரும்புப் பிடிப்பானை அவர் மகன் அதில் செய்துகொண்டார். வாடிக்கையாளரின் ரைபிளை அதில் பூட்டி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்தத் துளைக்கூட்டம் சிறியது என்று அளந்து, அந்தத் தொகுதியிலேயே ஆண்டுக்கு வேண்டிய டப்பாக்களை ஒதுக்கிவைத்துத் தருகிறார்கள். வாங்கியவர் அந்தத் தொகுதி தீரும்வரை வேறு கடைக்குப் போக மாட்டார். இணையத்தில் சற்று மலிவாகக் கிடைக்கிற அதே டப்பா இங்கே விலைபோவதற்குக் காரணம் இந்தச் சோதனைதான்.

பழுது வேலையும் இப்படியே உருமாறியது. ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கியில் பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருக்கும். அடிபம்பு வாஷரைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. காய்ந்தால் காற்று ஒழுகும், எண்ணெய் ஊறினால் சரியாகும். அப்பாரு அதைக் கத்தரித்து ஊறவைத்துப் போடுவார். இப்போதைய போட்டி ரைபிளில் 200 பார் அழுத்தத்தில் காற்றடைத்த சிலிண்டர். உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள், ஓ-ரிங், பலது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்றை அப்படியே அழுத்தி அடைத்தால் உள்ளே நீர் கோத்து வால்வு கெடும். காற்றை உலர்த்தி அடைக்கும் கம்ப்ரசரை வாங்க கடை கடன் எடுத்தது. இந்தக் கடனை அன்று நான் எதிர்த்தேன். அடைப்புக்கட்டணம் மட்டும் பார்த்தால் என் கணக்கு சரியே. ஆனால் காற்றடைக்க வந்தவர்தான் ஓ-ரிங் மாற்றினார், பெல்லட் வாங்கினார், கையுறை வாங்கினார்.

குடும்பம் செய்த பெரிய பிழையும் இந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறது. 2012 லண்டனில் ககன் நரங்கும் விஜய்குமாரும் பதக்கம் வென்றபின் கூட்டம் பெருகும் என்று எண்ணி, இறக்குமதி ரைபிள்கள் சிலவற்றை மொத்தமாக வாங்கிவைத்தார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. துப்பாக்கி கெட்டுப்போகாத சரக்கு என்று தலைமுறையாக நம்பிய வீடு அது. ஆனால் சிலிண்டருக்கு அதிகபட்சம் பத்தாண்டு ஆயுள். தேதி உற்பத்தி நாளிலிருந்து ஓடும், விற்ற நாளிலிருந்து அல்ல. தேதி கடந்த சிலிண்டரைப் போட்டிக்களத்தில் கருவிச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். பரணில் இருந்தபடியே ரைபிளின் விலை ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. இறுதியில் புதுச் சிலிண்டரைத் தம் செலவில் பொருத்தி விற்றார்கள். அன்றிலிருந்து கடையின் இருப்புப் பட்டியலில் பால் பாக்கெட் போலச் சிலிண்டரின் தேதி தனிப் பத்தியாக ஏறியது.

விற்காமல் விட்டவை

உரிமம் தேவையில்லாத காற்றுத் துப்பாக்கிக்கு இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. கவுதாரி, காடை, கொக்கு, முயல் என்று தோட்டத்துப் பக்கம் சுடலாம் என நினைத்து வருபவர். மக்காச்சோளத்தில் இறங்கும் மயிலால் நொந்து வருபவர். இவையெல்லாம் வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர்கள். மயில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. விவசாயியின் இழப்பு உண்மையானது, அவர் கோபத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் கடை ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. எதற்கு என்று கேட்பார்கள். எங்கே பழகுகிறீர்கள் என்று கேட்பார்கள். அடையாளச் சான்றின் நகலை வாங்குவார்கள். பதில் தடுமாறினால் இருப்பு இல்லைங்க என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதனால் இழந்த விற்பனைக்குப் பேரேட்டில் பத்தி இல்லை, ஆகவே என்னால் மதிப்பிட முடியாது. ஆனால் பள்ளிகள் தம் மாணவர்களை இந்தக் கடைக்கு அனுப்பத் தயங்குவதில்லை என்பதை மட்டும் பார்க்கிறேன்.

ஆண்டு விழாவுக்கு என்ன செய்வது

ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோது வீட்டில் விவாதம் எழுந்தது. பக்கத்துத் துணிக்கடைகள் ஆடித் தள்ளுபடி போடுகிற தெருவில் இருந்துகொண்டு துப்பாக்கிக்குத் தள்ளுபடி அறிவிப்பது அழகல்ல என்று மகன் கருதினார். வண்ணச் சுவரொட்டி, பிரமுகர் வருகை என்று அப்பாருவின் பேரன் பெங்களூரிலிருந்து சொன்ன யோசனைகள் காவல் அனுமதி, கூட்டம், இருப்பறைப் பாதுகாப்பு என்ற கேள்விகளில் முடிந்தன. கடைசியில் ஆயுத பூஜையை ஒட்டி ஒரு வாரம், பழைய வாடிக்கையாளர் யார் வந்தாலும் கூலியின்றிப் பராமரிப்பு என்று முடிவாயிற்று. ஓ-ரிங் விலை மட்டும் வாங்கினார்கள்.

பூஜையன்று மேசை மேல் முதலில் சந்தனம் தொட்டு வைக்கப்பட்டவை பழைய பதிவேடுகள். துப்பாக்கிகள் அவற்றுக்குப் பின்னால். மதியம் எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும். பன்னிரண்டு போரைத் தோளில் சாய்த்து வந்த எழுபது வயது விவசாயியும், முழங்கால்வரை நீண்ட கான்வாஸ் உறையில் ரைபிளைத் தூக்கி வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவர் அவளுடைய ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்து, இத்தனை எடையைப் பிடித்துக்கொண்டு அறுபது முறையா என்று வியந்தார். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அவளுடையது அதற்குச் சற்றுக் குறைவு.

அந்த வாரம் பழுது மேசையில் உட்கார்ந்தவர் அப்பாருவின் பேத்தி, மகனின் மகள். இயந்திரப் பொறியியல் படித்தவர். பள்ளி நாள்களில் மாநில அளவில் சுட்டவர். காற்றுத் துப்பாக்கி வேலை முழுவதும் ஏற்கெனவே அவர் கையில்தான். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் இன்னும் மேசை வரை வந்து, அப்பா இல்லீங்களா அம்மிணி என்று கேட்டு நிற்கிறார்கள். அவர் பதில் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கி, குழலை ஒளியில் பிடித்து, உள்ளே எங்கே துரு என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு யாரும் அப்பாவைக் கேட்பதில்லை.

வாரிசுக்கு வராத சொத்து

தணிக்கையாளன் என்ற முறையில் எனக்கு இந்தக் கடையில் மிச்சமிருக்கும் பெரிய கவலை இதுதான். கட்டடம் வாரிசுக்கு வரும், சரக்கு வரும், வாடிக்கையும் வரலாம். வியாபாரி உரிமம் வராது. அது ஒரு ஆளின் பெயரில், ஒரு இடத்துக்கு, ஒரு காலத்துக்குக் கொடுக்கப்பட்டது. அப்பாரு இறந்தபோது மகனின் பெயரில் உரிமம் வரும்வரை இரும்புக் கதவு முத்திரையோடு நின்றது. அந்த மாதங்களில் குடும்பம் சேமிப்பில் வாழ்ந்தது. அதனால் இப்போது மகன் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே பேத்தியின் பெயரையும் சேர்க்க விண்ணப்பித்திருக்கிறார்கள். காவல் விசாரணை ஒரு சுற்று முடிந்திருக்கிறது. திருமணமானால் முகவரி மாறுமா என்ற கேள்வி விசாரணையில் வந்ததாம். கடையின் முகவரி மாறாது என்று அவர் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விழாவின் பகுதியாக அவர் தாமாக எடுத்துக்கொண்ட வேலை ஒன்று உண்டு. பாதுகாப்பறையில் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்று நிற்கும் துப்பாக்கிகளின் பட்டியலை எடுத்து, உரிமதாரரின் முகவரிகளுக்குக் கடிதம் எழுதினார். சில கடிதங்கள் திரும்பி வந்தன. சில வீடுகளிலிருந்து வாரிசுகள் வந்து, உரிமம் எடுக்க விருப்பமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அவை இனி விதிப்படி மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. கட்டையில் அவர் கை பட்டுப் பட்டு ஓரிடம் கறுத்து மினுங்கியது. அதைச் சுடவோ வீட்டில் வைக்கவோ அவர்களில் ஒருவருக்கும் எண்ணமில்லை. அந்த மரக்கட்டையை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று பேத்தி விளக்கினார். ஒப்படைத்தபடி முழுதாக, அதே எண்ணோடு, அது கணக்கில் நிற்க வேண்டும். அவர்கள் சற்று நேரம் நின்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். புதிய ஆண்டின் பதிவேட்டில் அந்த எண்ணை முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டு, எதிரே குறிப்புப் பத்தியைப் பேத்தி காலியாக விட்டிருக்கிறார்.